கம்பளத்தில் வேகம்: தூசி உறிஞ்சியை மாற்றியமைக்கும் வழிகள்

கம்பளத்தின் மேல் தூசி உறிஞ்சியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் அதன் சொந்த உறிஞ்சல்தான். டைல்ஸ் தரையில் ஒரு விரலால் தள்ளினாலே ஓடும் வாக்குவம் கிளீனர், கம்பளத்தில் ஏறியதும் தோளை நோகடிக்கிறது. தானாக ஓடும் ரோபோ வகை என்றால் சக்கரம் சறுக்கி, அதே இடத்தில் திணறுகிறது. வேகம் வேண்டுமென்றால் மோட்டாரின் வலுவைக் கூட்டவேண்டும் என்பதே பலருக்கும் முதலில் தோன்றுவது. அப்படிச் செய்தால் பல கருவிகள் முன்னைவிட மெதுவாகத்தான் நகரும். ஏன் என்பதை அறிய, கருவியின் தலைக்கும், அதாவது தரையைத் தொட்டு உறிஞ்சும் பகுதிக்கும், கம்பளத்துக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கே கம்பளம் என்பது அடித்துணியிலிருந்து இழைகள் நிமிர்ந்து நிற்கும் வகை. இழை வெட்டப்பட்டு மயிர்போல நிற்கலாம். வளையமாக மடங்கி நிற்கலாம். பவானி ஜமக்காளம் போலத் தட்டையாக நெய்த விரிப்பில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே வரும் தொல்லை வேறு: விரிப்பே தூக்கப்பட்டுத் தலையில் ஒட்டிக்கொள்ளும். இழை நிமிர்ந்த கம்பளத்தில் தலையின் விளிம்பு இழைகளுக்குள் அமிழ்கிறது. பக்கங்களிலிருந்து காற்று புகும் வழி அடைபடுகிறது. தலைக்குள் காற்றழுத்தம் இறங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தலையை மேலும் கீழே அழுத்துகிறது.

இந்த அழுத்தம் எவ்வளவு என்பதை எளிய கணக்கில் பார்க்கலாம். தலையின் அடிவாய் 28 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். உள்ளழுத்தம் வெளியைவிட 3 கிலோபாஸ்கல் குறைந்தால், தலையை ஏறத்தாழ 50 நியூட்டன் விசை கீழே அழுத்தும். தலையின் மேல் 5 கிலோ எடையை வைத்ததற்கு அது சமம். தலையின் சொந்த எடை ஒன்றரைக் கிலோ, உராய்வுக் கெழு 0.4 என்று வைத்தால், உறிஞ்சல் இல்லாதபோது தள்ளுவதற்கு 6 நியூட்டன் போதும். உறிஞ்சல் இருக்கும்போது 26 நியூட்டன் வேண்டும். நான்கு மடங்குக்கும் மேல். அடிவாயை அகலமாக்கினாலும் இதே கதைதான், ஏனெனில் விசை என்பது அழுத்த வேறுபாட்டையும் பரப்பையும் பெருக்கி வருவது. மோட்டாரை மட்டும் வலுவாக்கினால் கருவி ஏன் மெதுவாகிறது என்பதற்கு இந்தப் பெருக்கலே விடை.

உறிஞ்சலுக்கு அடுத்து வருவது சக்கரம். சிறிய, மெல்லிய, கடினமான பிளாஸ்டிக் சக்கரம் இழைகளுக்குள் புதைந்து, ஒவ்வொரு சுற்றிலும் முன்னால் இருக்கும் இழைகளை மடக்கி ஏற வேண்டியிருக்கிறது. சுழலும் தூரிகை இருந்தால் அதுவும் தள்ளும் விசையில் பங்கு கொள்கிறது. பெரும்பாலான நிமிர் வகைக் கருவிகளில், அதாவது கைப்பிடியும் மோட்டாரும் தலையும் ஒரே உடலாக நிற்கும் வகையில், தூரிகை முன்னோக்கி உருளும் சக்கரத்தின் திசையிலேயே சுழல்கிறது. அதனால் முன்னே தள்ளும்போது உதவுகிறது, பின்னே இழுக்கும்போது எதிர்க்கிறது. முன்னே எளிதாகப் போய்ப் பின்னே வர மறுக்கும் கருவியில் பார்க்க வேண்டிய முதல் இடம் தூரிகையின் உயரம்.

வேகம் என்று எதைச் சொல்வது என்பதையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். சோதனைக்கூடங்களில் தள்ளும் வேகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60312 தரநிலையில் தலை விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகர்த்தப்படுகிறது. நகர்வுக்கு எழும் எதிர்ப்பை அளக்கவும் அதில் தனிச் சோதனை உண்டு. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் எஃப்608, பத்தில் ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு டால்கம் தூளும் கலந்து கம்பளத்துக்குள் அமுக்கி, பின் எவ்வளவு வெளியே வருகிறது என்று எடைபோடுகிறது. மணலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காலில் ஒட்டிவரும் மண் மேலே தங்குவதில்லை. இழைகளின் அடிக்கு இறங்கி, நடக்கும்போதெல்லாம் இழையை அறுக்கிறது. கம்பளத்தைப் பாழாக்குவது கண்ணுக்குத் தெரியும் பஞ்சைவிட இந்த மணல்தான்.

அடியில் கிடக்கும் மணலை மேலே கொண்டுவர நேரம் தேவை. நிமிடத்துக்கு 4000 சுற்று சுழலும், இரு வரிசை மயிர் கொண்ட தூரிகை விநாடிக்கு 133 முறை கம்பளத்தை அடிக்கிறது. விநாடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால் ஏறத்தாழ 3.75 மில்லிமீட்டருக்கு ஓர் அடி விழும். வேகத்தை இரட்டித்தால் 7.5 மில்லிமீட்டருக்கு ஒன்று. உறிஞ்சும் வாய் ஒவ்வொரு புள்ளியின் மேலும் நிற்கும் நேரமும் பாதியாகும். எனவே தலை வேகமாகப் போவதும் அறை வேகமாகச் சுத்தமாவதும் ஒன்றல்ல. ஒரே இடத்தை மூன்று முறை தேய்க்க வேண்டிவந்தால், தள்ளுவதில் சேமித்த நேரம் அங்கேயே செலவாகிவிடும். நல்ல மாற்றம் என்பது தள்ளும் விசையைக் குறைத்து, தூரிகையின் வேலையைக் குறைக்காமல் விடுவது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பரவலாகச் செய்யப்படும் மாற்றங்களில் பலவும் தேறுவதில்லை.

உறிஞ்சலும் தூரிகையும் வேறுவேறு கருவிகளாகவே பிறந்தவை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மெல்வில் பிசெல் 1876இல் காப்புரிமை பெற்ற கம்பளத் துடைப்பானில் மோட்டாரும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. சக்கரம் உருளும்போது அதோடு சேர்ந்து தூரிகை சுழன்று குப்பையைப் பெட்டிக்குள் தள்ளியது. அதில் வேகமாகத் தள்ளினால் தூரிகையும் வேகமாகச் சுழலும். நகர்வும் அடியும் ஒரே விகிதத்தில் பிணைந்திருந்தன. லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் 1901இல் செய்தது இதற்கு நேர்மாறு. குதிரை வண்டியில் ஏற்றிய பெரும் இயந்திரம் தெருவில் நிற்க, ஜன்னல் வழியே நீண்ட குழாயின் முனையில் உறிஞ்சல் மட்டும் இருந்தது. ஓஹையோவின் கேன்டன் நகரில் கட்டடத் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் இரண்டையும் ஒன்றாக்கினார். மின்விசிறி மோட்டார், சுழலும் தூரிகை, தூசி சேர ஒரு துணிப்பை என்று அவர் உருவாக்கிய கருவிக்கு 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிய தோல்பொருள் வணிகர் வில்லியம் ஹூவரின் பெயரே பின்னாளில் பிரிட்டனில் கருவிக்கும் வேலைக்கும் பெயரானது. 1926இல் ஹூவர் நிறுவனம் தூரிகை உருளையில் உலோகத் தட்டுப்பட்டைகளைச் சேர்த்தது. அவை கம்பளத்தை அதிரவைத்து அடிமணலை எழுப்பின.

இணைப்பு வெற்றி பெற்றது. ஆனால் மோட்டார், விசிறி, தூரிகை, பை எல்லாம் தலையின் மேலேயே ஏறியதால் கருவி கனத்தது. ஹூவர் நிறுவனம் 1960களின் இறுதியில் தானே நகரும் நிமிர் வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது; கிர்பி நிறுவனம் 1990இல் தன் மூன்றாம் தலைமுறைக் கருவியில் இதேபோன்ற உந்துதலைச் சேர்த்தது. கைப்பிடியை லேசாக முன்னே தள்ளினால் சக்கரங்கள் முன்னே ஓடும், இழுத்தால் பின்னே வரும், நடுவில் விட்டால் நிற்கும். தள்ளும் வேலையை மனிதத் தோளிலிருந்து மோட்டாருக்கு மாற்றிய இந்த ஏற்பாடே கம்பளத்தில் வேகத்துக்கு இதுவரை கிடைத்த நேர்மையான தீர்வு. அதற்குக் கொடுத்த விலை எடை. மாடிப்படியில் தூக்கிச் செல்வோருக்கு அது சிறிய விலை அல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டன. 2014 செப்டம்பரிலிருந்து 1600 வாட்டுக்கு மேலும், 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்கு மேலும் மின்சாரம் இழுக்கும் வீட்டுக் கருவிகளுக்குச் சந்தையில் இடமில்லை என்று ஆனது. கம்பளத்திலிருந்து குறைந்தபட்சம் இவ்வளவு தூசி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. குறைந்த வாட்டில் அந்த அளவை எட்ட ஒரு வழி, தலையைக் கம்பளத்தோடு இறுக்கமாகப் பொருத்துவது. இறுக்கம் கூடினால் தள்ளுவது கடினம். வாட் குறைந்த கருவியும் கம்பளத்தில் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளக் கூடும் என்பது முன்பு பார்த்த கணக்கோடு ஒத்துப்போகிறது.

இனி, இருக்கும் கருவியில் என்ன மாற்றலாம் என்பதற்கு வரலாம். வரிசை முக்கியம். எதையும் வெட்டுவதற்கு முன் தலை உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். உயரம் மாற்றும் அமைப்பு உள்ள கருவிகளில், தூரிகையின் மயிர் இழைநுனியைத் தொடும் அளவுக்குத் தலையை உயர்த்துவதே எளிய வேக மாற்றம். அதற்கான முறை எளிது: மிக உயர்ந்த நிலையில் தொடங்கி, தூரிகை கம்பளத்தைத் தொட்டு மோட்டாரின் ஒலி சற்று மாறும்வரை இறக்கி, அங்கே நிறுத்துவது. அதற்குக் கீழே இறக்கினால் மயிர் வளைந்து இழைக்குள் புரளும். அடி விழாது, இழுவை மட்டும் கூடும். தூரிகையில் சுற்றிய தலைமுடியும் நூலும், தளர்ந்து சறுக்கும் ரப்பர் பெல்ட்டும், நிரம்பிய பையும் இதே அறிகுறிகளைத் தரும். இவற்றைத் தீர்த்த பின்பே மாற்றம் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

அடுத்தது காற்றுத் திறப்பு. பல கருவிகளின் கைப்பிடிக் குழாயில் நகரும் மூடியொன்று இருக்கும். அதைத் திறந்தால் வெளிக்காற்று குழாய்க்குள் நேராக நுழைந்து தலையின் அழுத்த வேறுபாட்டைக் குறைக்கிறது. முன்பு சொன்ன கணக்கில் 3 கிலோபாஸ்கல் 2 ஆக இறங்கினால் அழுத்தும் விசை 50 நியூட்டனிலிருந்து 34 ஆகும். கை உடனே அதை உணரும். குறை என்னவென்றால், அந்தக் காற்று கம்பளத்தைத் தொடாமலே போகிறது. அதே காற்றைத் தலையின் முன்விளிம்பு வழியாக நுழையவிட்டால் இழைகளை உரசிக்கொண்டு வரும். விசையும் குறையும், தூசியும் வரும். முன்விளிம்பில் சிறு வாயில்கள் அமைந்த தலைகள் விற்கப்படுவது இதனால்தான். பழைய தலையின் முன்விளிம்பில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு அரத்தால் காடி எடுப்பது கைவேலை தெரிந்தவர்கள் செய்யக்கூடிய மாற்றம். ஒரேயடியாக ஆழமாக வெட்டாமல், ஒவ்வொரு முறையும் சிறிது எடுத்துத் தள்ளிப்பார்ப்பது நல்லது. வெட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேர்க்க முடியாது.

தலையின் அடிப்பரப்பை வழுவழுப்பாக்குவதும் பயன் தரும். கீறல் விழுந்த அடித்தட்டு இழைகளைக் கொக்கிபோலப் பற்றுகிறது. மெருகேற்றிய உலோகத் தட்டோ, வழுக்கும் பிளாஸ்டிக் பட்டையோ ஒட்டினால் உராய்வுக் கெழு குறையும். 0.4 என்பது 0.3 ஆனாலே 26 நியூட்டன் 20க்கு இறங்கிவிடும், உறிஞ்சலில் ஒரு துளியும் இழக்காமல். செலவையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால் இதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். சக்கரத்தைப் பெரிதாக்குவது தலை உயரத்தையும் மாற்றிவிடும் என்பதால், விட்டத்தைவிட அகலத்தைக் கூட்டுவது பாதுகாப்பானது. எடை அகலமாகப் பரவும்போது சக்கரம் இழைக்குள் புதைவது குறையும்.

தூரிகையின் சுழற்சியைக் கூட்டுவது ஆபத்தும் பலனும் நெருங்கி நிற்கும் இடம். மோட்டார் அச்சிலுள்ள சிறு கப்பியின் விட்டத்தைக் கூட்டினால் தூரிகை அதே விகிதத்தில் வேகமாகச் சுழலும். நகரும் வேகம் கூடும்போது அடிகளின் இடைவெளியைக் காப்பாற்ற இதுவே நேரான வழி. ஆனால் மயிர்நுனியின் மையவிலக்கு விசை சுழற்சி வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது, பெல்ட் சூடாகிறது, தாங்கிகள் தேய்கின்றன. வளைய இழைக் கம்பளத்தில் மயிர் வளையத்தைக் கொக்கிபோட்டு இழுத்து உருவிவிடும். கம்பளிக் கம்பளம் பஞ்சாகும். ஜார்ஜியா மாநிலத்தின் டால்டனில் இயங்கும் கம்பளத் தொழில் சங்கம் கருவிகளுக்குச் சான்று தரும்போது, எடுத்த தூசியோடு கம்பளத்தின் தோற்றம் எவ்வளவு கெடுகிறது என்பதையும் சேர்த்தே சோதிக்கிறது. வெட்டிழை கொண்ட உறுதியான செயற்கைக் கம்பளத்தில் சிறிதளவு கூட்டலாம். மற்றவற்றில் தொடாமலிருப்பதே சரி. மின்மோட்டார் இல்லாமல் காற்றோட்டத்தால் சுழலும் டர்போ தூரிகையில் இந்த மாற்றத்துக்கு இடமே இல்லை. அது தன் ஆற்றலை உறிஞ்சும் காற்றிலிருந்தே எடுப்பதால், தடித்த கம்பளத்தில் காற்றோட்டம் சுருங்கும்போது தூரிகையும் தளர்கிறது. அதற்குப் பதிலாகத் தனி மோட்டார் பொருத்திய தலைக்கு மாறுவது பெரிய முன்னேற்றம். கருவியின் உடலிலும் குழாயிலும் அதற்கான மின்இணைப்பு இருக்க வேண்டும்.

உறிஞ்சும் மோட்டாரை மாற்றுவதைக் கடைசியாகவே எண்ண வேண்டும். விசிறியின் சுழற்சி வேகம் கூடினால் காற்றோட்டம் அதே விகிதத்திலும், அழுத்தம் இருமடிப் பெருக்கமாகவும், தேவைப்படும் ஆற்றல் மும்மடிப் பெருக்கமாகவும் ஏறும். 10 சதவீதம் வேகம் கூட்ட 33 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். 20 சதவீதத்துக்கு 73. கிடைக்கும் கூடுதல் அழுத்தமோ தலையை இன்னும் இறுக்கமாகக் கம்பளத்தோடு பிணைக்கிறது. பல கருவிகளில் மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே உறிஞ்சும் காற்றுதான். கம்பளத்தில் வாய் அடைபடும்போது அந்தக் காற்று குறைகிறது, மோட்டார் சூடேறுகிறது. அந்த நேரத்தில் மோட்டாரின் ஒலி உச்சத்துக்கு ஏறுவதைக் கேட்டு அது கடுமையாக உழைக்கிறது என்று நினைப்பது தவறு. தள்ளக் காற்றில்லாமல் விசிறியின் சுமை இறங்குவதால்தான் அது வேகமாகச் சுழல்கிறது. வெப்பம் மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு விசையை நீக்கிவிட்டு ஓட்டுவதும், கருவியின் இரட்டைக் காப்புறை குலையும்படி உள்ளே கம்பி இழுப்பதும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாதவை. நுண்ணிய தூசியும் பஞ்சும் நிறைந்த பெட்டிக்குள் தீப்பிடிக்க அதிக நேரம் ஆகாது.

ரோபோ வகையில் கேள்வி வேறு உருவெடுக்கிறது. அங்கே தோள் இல்லை. தள்ளுவதும் மோட்டார், தீர்மானிப்பதும் மென்பொருள். ஐரோபோட் நிறுவனம் 2002இல் ரூம்பாவை வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் அதன் கட்டளை மொழியைப் பொதுவில் தந்தது. சக்கர வேகத்தை விநாடிக்கு மில்லிமீட்டர் கணக்கில் நேரடியாகக் கட்டளையிடலாம், உச்சவரம்பு 500. அதன் வழக்கமான ஓட்டம் இதைவிடக் குறைவு, விநாடிக்கு 300 மில்லிமீட்டர் அளவில். எனவே ஒரு சிறு கணினியை ரூம்பாவின் தொடர்துறையில் (சீரியல் போர்ட்) இணைத்தாலே வேகத்தைக் கூட்டிவிடலாம் என்பது உண்மை. ஆனால் கம்பளத்தில் அந்த வேகம் தரைக்கு வந்துசேர்வதில்லை. சக்கரம் சுழலும், இழை நழுவும், கருவி எண்ணிக்கொண்டிருக்கும் தூரம் உண்மைத் தூரத்தைவிடக் கூடுதலாகும். இழைகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கருவி அந்தச் சாய்வின் வழியே பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இந்த நழுவலை மதிப்பிட்டுத் திருத்துவதற்கென்றே ஐரோபோட் தனிக் காப்புரிமை எடுத்திருக்கிறது.

பிடிப்பைக் கூட்ட, ஆழமான வரிகள் கொண்ட ரப்பர் சக்கர உறைகளை மாற்றலாம். சக்கரத்தைக் கீழே அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிதாக்கலாம். எடை கூட்டுவதும் பிடிப்பைத் தரும், ஆனால் மின்கலம் அதற்கு விலை கொடுக்கும். 14.4 வோல்ட், 3 ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தில் இருப்பது 43 வாட்-மணி மட்டுமே. தடித்த கம்பளத்தில் தூரிகையும் சக்கரமும் கூடுதல் மின்னோட்டம் இழுக்க, ஓடும் நேரம் கண்கூடாகக் குறையும். 2015இல் வந்த ரூம்பா 980 கம்பளத்தைக் கண்டதும் உறிஞ்சலைக் கூட்டும் வசதியோடு வந்தது. தூரிகை மோட்டாரின் மின்னோட்டம் ஏறுவதை வைத்தோ, மீயொலி உணரியைக் கொண்டோ இன்றைய கருவிகள் கம்பளத்தை அறிகின்றன. மின்கலம் வேகமாகத் தீர்வதையும், கம்பளத்தில் ரோபோ திணறுவதையும் குறைக்க விரும்பினால் அமைப்புகளில் இந்த வசதியை நிறுத்திப் பார்ப்பது எந்த உபகரணமும் தேவைப்படாத மாற்றம். சுத்தம் சற்றுக் குறையும்.

ரோபோவில் உண்மையான நேரச் சேமிப்பு சக்கரத்தில் இல்லை, பாதையில் இருக்கிறது. 17 சென்டிமீட்டர் அகலத் தூரிகை விநாடிக்கு 30 சென்டிமீட்டர் போனால் நிமிடத்துக்கு 3 சதுர மீட்டர். 18 சதுர மீட்டர் அறையை ஒருமுறை முழுவதும் கடக்க 6 நிமிடம் போதும். மோதித் திரும்பி, தற்செயலாக அலையும் பழைய கருவி அதே அறையில் பல மடங்கு நேரம் எடுத்தது. போன இடத்துக்கே மறுபடி மறுபடி போனது. 2010இல் வந்த நீட்டோ எக்ஸ்வி-11, லேசர் கொண்டு அறையை அளந்து வரிசை வரிசையாக ஓடியது. அலையும் கருவியின் சக்கர வேகத்தை 300இலிருந்து 500க்கு ஏற்றுவதால் கிடைக்கும் பலனைவிட, வரைபடம் பார்த்து ஓடும் கருவியின் பலன் மிகப் பெரிது. ரோபோவின் மூடிய மென்பொருளைத் திறந்து அதை மாற்றும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2017 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக்கில் நடந்த 34வது கேயாஸ் மாநாட்டில் டென்னிஸ் கீஸ், டேனியல் வெகெமர் இருவரும் ஷாவ்மி ரோபோவின் உள்ளமைப்புக்குள் நுழையும் முறையை விளக்கினார்கள். அந்த வழியில் வளர்ந்த வாலெட்டுடோ போன்ற கட்டற்ற மென்பொருள், கருவியை நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து விடுவித்து வீட்டுக்காரரின் கட்டுப்பாட்டில் வைக்கிறது.

வேகம் கூட்டிய ரோபோவில் இரண்டு உணரிகளில் பொதுவாகக் கைவைக்காமல் விடவேண்டும். மோதல் தடுப்பான் குறைந்த வேகத்துக்கு அளந்து செய்யப்பட்டது. வேகம் 300இலிருந்து 500க்கு ஏறினால் மோதும் ஆற்றல் இரண்டே முக்கால் மடங்கு ஆகும். பள்ளம் காணும் உணரி அகச்சிவப்பு ஒளி தரையில் பட்டுத் திரும்புவதை நம்பியிருக்கிறது. கறுப்புக் கம்பளம் ஒளியை விழுங்கிவிடுவதால் அதைப் பள்ளம் என்று எண்ணிக் கருவி நிற்கும். பலர் அந்த உணரிகளின் மேல் காகிதம் ஒட்டி ஏமாற்றுகிறார்கள். ஒரே தளமுள்ள வீட்டில் அது பாதகமில்லை. மாடிப்படி உள்ள வீட்டில், படித்தலையில் கதவோ தடுப்போ இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. ரூம்பாவின் கட்டளை மொழியிலும் இதே வேறுபாடு உண்டு: பாதுகாப்பு நிலையில் ஓட்டினால் பள்ளம் கண்டதும் கருவி தானே நின்றுவிடும், முழுக் கட்டுப்பாட்டு நிலையில் ஓட்டினால் கட்டளை இட்ட கணினி நிறுத்தும்வரை ஓடும். வேகச் சோதனைகளைப் பாதுகாப்பு நிலையிலேயே செய்து முடிக்கலாம். 500 என்ற உச்சவரம்பு இரண்டு நிலைக்கும் ஒன்றுதான்.